நடுவில் சிரித்தவள் யார்?

அத்தியாயம் 4

வெள்ளவத்தையில் துப்பறியும் அலுவலகம் நடத்துவதற்கு மூளை வேண்டும், பொறுமை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கீழே ஒரு நல்ல தேத்தண்ணிக் கடை வேண்டும் என்பது ரெனால்டின் உறுதியான கொள்கை. முதல் இரண்டும் டிலக்ஷியின் பொறுப்பு. மூன்றாவதை அவன் தினமும் நேரில் போய்ச் சரிபார்த்துக்கொள்வான்.

டிலக்ஷி, காப்புறுதிக் கம்பனியில் பொய்க் காயங்களையும் பொய்த் தீவிபத்துகளையும் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்த் தனியாகத் தொழில் தொடங்கியவள். ரெனால்ட் கொட்டாஞ்சேனைக்காரன், சொந்த த்ரீவீலர் வைத்திருப்பவன். அவள் போகிற இடத்துக்கெல்லாம் இவன் ஓட்டுவான். கூடவே வாயும் ஓடும். அந்த இரண்டுக்கும் சேர்த்து அவனுக்கு "உதவியாளர்" என்று பெயர்.

அன்று வெள்ளிக்கிழமை காலையும் அவன் கடையைச் சரிபார்த்துவிட்டுத்தான் மாடியேறினான். கடைக்காரர் லோகேஸ்வரன் அறுபதைத் தாண்டியவர், மலைநாட்டு மனுசன். அப்படி ஓர் உயரம். தன் கடை வாசலிலேயே தலையைக் குனிந்துதான் உள்ளே போவார். "நிலையை உயத்திக் கட்டினா என்ன லோகா அண்ணே?" என்று கேட்டால், "குனிஞ்சு பழகிருச்சு தம்பி" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. ஒரேயொரு குறை. ரெனால்டுக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதை அவன் முணுமுணுக்கத் தொடங்கினால் போதும், மனுசன் எட்டி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார். தன் குரலை இப்படி அவமதிக்கிற ஆளின் கடைக்குத் தினமும் போவது தேத்தண்ணியின் ருசிக்காக மட்டுமே என்று ரெனால்ட் மனதைத் தேற்றிக்கொள்வான்.

மாடியில் பேர்ணடெற் அன்ரி உட்கார்ந்திருந்தார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், கல்யாணம் கட்டாதவர், கொட்டாஞ்சேனை மாதா கோவில் பங்கில் அவரைத் தெரியாத ஆளே இல்லை.

"எனக்கொரு சின்ன விசயம் தெரியோணும் பிள்ளை," என்றார் டிலக்ஷியிடம். "ஒரு பாட்டு, ஆருக்கு எழுதினதெண்டு."

"எந்தப் பாட்டு?"

"இவர் கீழ நிண்டு கொலை செய்துகொண்டிருந்தாரே, அந்தப் பாட்டு."

ரெனால்ட் சிரித்துவிட்டான். "அன்ரி, அதுக்கு டிடெக்டிவ் என்னத்துக்கு? கொட்டாஞ்சேனையில பிறந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அது உங்களுக்கு எழுதின பாட்டு!"

அவன் சொன்னதில் பொய் இல்லை. எண்பதுகளின் கடைசியில் பங்கு மண்டபத்தில் 'வெளிச்சவீட்டு நாயகி' என்று ஓர் இசை நாடகம் போட்டார்கள். கதை, பாட்டு, கதாநாயகன் எல்லாம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த வலன்ரைன். நாடகத்தை ஊர் மறந்துவிட்டது. அதில் வந்த ஒரு காதல் பாட்டு மட்டும் தனியாகக் கிளம்பிப்போய்க் கலியாண வீடுகளில் குடியேறியது. ரெனால்டே தன் கலியாணத்தில் அதைப் பாடினான். அவன் மனைவி நதீஷா சிங்களத்தி. ஒரு வரி விளங்காமலே தேம்பித் தேம்பி அழுதாள். வலன்ரைனும் பேர்ணடெற்றும் அந்தக் காலத்தில் ஒன்றாகக் கடற்கரைக்குப் போவார்கள், நடுவில் அன்ரியின் பெரியம்மா காவலுக்கு நடப்பார், பிறகு எப்படியோ கலியாணம் நடக்கவில்லை என்பது ஊரறிந்த கதை.

"ஞாயிற்றுக்கிழமை பங்கு ஜூபிலி. நாடகத்தைத் திரும்பப் போடுறாங்கள்," என்றார் அன்ரி. "பாட்டுக்கு முதல், 'இந்தப் பாட்டின் சொந்தக்காரி எங்கள் மத்தியில் இருக்கிறா' எண்டு என்னை மேடைக்குக் கூப்பிடப் போறாங்களாம். அதுக்கு முதல் எனக்கு உண்மை தெரியோணும்."

"வலன்ரைன் அங்கிளையே கேக்கலாமே?"

"அவர் களுபோவில ஆஸ்பத்திரியில. வயித்தில கட்டி. திங்கட்கிழமை ஒப்பரேஷன். தப்புவாரோ எண்டு டொக்டர்மாரே நிச்சயமாச் சொல்லீனமில்ல. நான் கேட்டன் பிள்ளை. யன்னல் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்."

இதைச் சொல்லும்போது அன்ரியின் குரல் உடைந்தது. டிலக்ஷி "பார்ப்பம்" என்றாள்.

*

காலி வீதி நெரிசலில் த்ரீவீலர் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பின்னால் இருந்து டிலக்ஷி, "பாடுங்க" என்றாள்.

"ஆஹா! கடைசியில என்ட குரலுக்கும் ஒரு மரியாதை."

"குரலுக்கில்ல. சொல்லுக்கு."

ரெனால்ட் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பாடினான்.

*முகம் பாராமல் நடந்தோம் – உன்*
*மூச்சைக் கேட்டு நடந்தேன்*
*நடுவில் அவள் சிரித்திருந்தாள் – நம்*
*நெஞ்சை அவள் அறிந்திருந்தாள்*

*பாதி வழியில் களைத்தேன் – நீ*
*பக்கம் மாறித் தந்தாய்*
*தோளில் பூத்த செம்பூவை – யார்*
*தொட்டுக் கேட்டால் சொல்வேன்?*

"நாடகத்தில இதை ஆர் ஆருக்குப் பாடுறது?"

"கதாநாயகன் நாயகிக்கு. அவ தனியா, கப்பலுக்கு வழிகாட்டுற வெளிச்சவீட்டில இருக்கிற பிள்ளை. தாய் இல்ல, தகப்பன் இல்ல, ஒரு பூனைகூட இல்ல. பாவம்."

"அப்ப நடுவில சிரிச்சது ஆர்?"

ரெனால்ட் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து பாடுகிறான். இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை.

"நாடகத்துப் பாட்டு நாடகத்துக்குள்ள நிக்கோணும், ரெனால்ட். இது நிக்கேல்ல. கதையில இல்லாத ஒருத்தி நடுவில வாறா. வெளிச்சவீட்டுப் பெண் எங்கயும் நடக்கிறதே இல்ல, பாட்டு முழுக்க நடை. எழுதினவர் எங்கயோ நடந்த ஒண்டைக் கொண்டுவந்து இதுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறார்."

"நடுவில அன்ரியின்ட பெரியம்மா!"

"அவ சிரிச்சு ஆராவது கண்டிருக்கினமா?"

ரெனால்ட் யோசித்தான். அந்தப் பெரியம்மாவின் முகத்தில் சிரிப்பைக் கண்டதாகக் கொட்டாஞ்சேனையில் ஒருவரும் சொன்னதில்லை. நாடகத்தின் இன்னொரு சங்கதி அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "மிஸ், சும்மா ஒரு கதைக்குச் சொல்றன். அந்தக் காலத்தில பொம்பிளப் பிள்ளைகளை மேடையேற விடமாட்டாங்க. நாயகியா நடிச்சது பிறெடி அங்கிள். ஒருவேளை வலன்ரைன் அங்கிளுக்கு அவரில…"

"உங்களுக்கும் மூளை வேலை செய்யுது," என்றாள் டிலக்ஷி. "போய்க் கேட்பம்."

*

பிறெடி அங்கிள் கோவில் முற்றத்தில் இரண்டு வாலிபர்களை முதுகோடு முதுகு ஒட்ட நிறுத்தி, தலைகளுக்கு மேல் மூங்கில் தடியைக் கிடையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை திருநாள். மாதாவின் சுரூபத்தைக் கூட்டில் வைத்து, பூவால் மூடி, தோளில் தூக்கித் தெருச் சுற்றி வருவார்கள். கூடு தூக்குகிற ஆண்களைச் சோடி சேர்ப்பது அவருடைய பொறுப்பு. வயிறு முன்னால் போக அவர் பின்னால் வந்தார். இவரா வெளிச்சவீட்டு நாயகி என்று நினைத்ததும் ரெனால்டுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

கேள்வியைக் கேட்டதும் பிறெடி அங்கிள் கோபிக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எனக்கோ! அட கடவுளே! என்ட பெஞ்சாதி கேட்டா விழுந்து சாவா. தம்பி, அவன் என்னோட கதைச்சதே ஒரே ஒரு வசனம். 'பிறெடி, நடக்கேக்க கையை வீசாத, நீ பொம்பிள.' பாடேக்ககூட என்னைப் பார்க்கமாட்டான். என்ட தலைக்கு மேலால, மண்டபத்துக் கடைசியில கதவடியைப் பார்த்துத்தான் பாடுவான். எனக்குக் கவலையாவும் இருந்தது. அவ்வளவு பவுடர் பூசிக்கொண்டு நிக்கிறன், ஒருக்காப் பார்த்தா என்ன?"

டிலக்ஷி அவர் கையிலிருந்த தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்னத்துக்கு அங்கிள்?"

"உயரம் பார்க்க. ரெண்டு பக்கத் தோளும் ஒரே மட்டத்தில இல்லாட்டி மாதா சரிஞ்சு போயிடுவா."

"பெண்கள் தூக்கிறதில்லையோ?"

"சேச்சே. அவையள் பின்னால பாட்டுப் படிச்சுக்கொண்டு வருவினம்."

"வலன்ரைன் அங்கிள் தூக்கினவரோ?"

"தூக்கினவனோவா? அவன்ட உயரத்துக்குச் சோடி தேடி நாங்க பட்ட பாடு! பங்கு முழுக்கச் சலிச்சும் ஆள் இல்ல. கடைசியில ஹார்பரில மூட்டை தூக்கின ஒரு சைவப் பெடியனைக் கூட்டிவந்தம். தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பெடியன். நெட்டையன் எண்டுதான் கூப்பிடுவம், பெயர் இப்ப வருகுதில்ல. பங்குச் சாமியார் ஒண்டும் சொல்லேல்ல, மாதா நேரா வந்தாச் சரி எண்டிட்டார். ரெண்டு மூண்டு வருசம் தூக்கினாங்கள். மாதா தண்ணியில போற மாதிரிப் போவா. பிறகு அந்தப் பெடியன் வராம விட்டிட்டான். அடுத்த வருசம் வேற ஆளைப் போட்டம், மாதா ஒரு பக்கம் சரிஞ்சுதான் வந்தா. வலன்ரைன் அதோட தூக்கிறதையே விட்டிட்டான்."

"நாடகம் போட்டது?"

"அந்தப் பெடியன் இருந்த காலத்தில. திருநாள் முடிஞ்ச கையோட எழுதின பாட்டு. தோளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருந்து எழுதினான், எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது."

டிலக்ஷி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் வேகமாக நடந்தால் விசயம் இருக்கிறது என்று ரெனால்டுக்குத் தெரியும்.

*

"நீங்க கூடு தூக்கியிருக்கிறீங்களா?" த்ரீவீலர் கிளம்பியதும் கேட்டாள்.

"ஏழெட்டு வருசம். இந்தத் தோளைப் பார்த்தா தெரியேல்லயா?"

"தூக்கேக்க, அந்தப் பக்கத்து ஆளின்ர முகம் தெரியுமா?"

"எப்பிடி மிஸ் தெரியும்? நடுவில மாதா. பூ, துணி எல்லாம் மறைச்சிடும். மூச்சுச் சத்தத்தை வச்சுத்தான் காலை எடுத்து…"

அவன் குரல் தேய்ந்தது.

"களைச்சா என்ன செய்வீங்க?"

"ரோட்டோரத் தண்ணி ஓடுற கான் பக்கம் சரிவு. அங்க நிக்கிறவருக்குத்தான் பாரம் கூட. அவர் களைச்சா, பாதி வழியில மற்றவர் பக்கம் மாறி…"

"வீட்டுக்குப் போய்ச் சேர்ட்டைக் கழட்டினா?"

"தோள் சிவந்து போயிருக்கும்."

ரெனால்ட் பிரேக்கில் ஏறி நின்றான். பின்னால் வந்த பஸ்காரன் தலையை வெளியே நீட்டி, அவனுடைய ஏழு தலைமுறையையும் சிங்களத்தில் விசாரித்துவிட்டுப் போனான். ரெனால்டுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நடுவில் சிரித்தவள் மாதா. பெண்கள் கூடு தூக்குவதில்லை. அப்படியென்றால் அந்தப் பக்கம் நின்றது…

"ஐயோ மிஸ். என்ட தோளே எனக்குச் சொல்லேல்லயே."

"ஊருக்குக் கதை முதலே கிடைச்சிட்டுது. பிறகு ஆர் பாட்டைக் கேட்டது?"

"என்ட கலியாணத்தில இதை மைக் பிடிச்சுப் பாடினனே!"

"அதுக்கென்ன? நதீஷா அழுதவ தானே? பிழையான பாட்டுக்கா அழுதவ?"

ரெனால்ட் வண்டியை மறுபடி கிளப்பினான். முகம் பாராமல் மூச்சைக் கேட்டு நடந்தேன் என்று மனதுக்குள் ஒருமுறை பாடிப் பார்த்தான். வெட்கம் ஒன்றும் வரவில்லை.

"இல்ல மிஸ். நல்ல பாட்டுத்தான்," என்றான். "அந்த நெட்டையனை எங்க தேடுறது?"

"அவரை எனக்குத் தெரியும்."

"ஆ? எப்ப? எப்பிடி?"

"முதல்ல பேர்ணடெற் அன்ரியிட்ட போவம். கேஸை விடுறன் எண்டு சொல்லோணும்."

"கண்டுபிடிச்ச பிறகு கேஸை விடுற ஒரே டிடெக்டிவ் இலங்கையிலேயே நீங்கதான்!"

"இது ரெண்டு பேரின்ர மானம் ரெனால்ட். இதைக் குற்றமெண்டு சொல்லுற சட்டமும் அப்பிடியே கிடக்கு, ஊர் வாயும் அப்பிடியே கிடக்கு. அன்ரி முப்பத்தைஞ்சு வருசம் ஏமாந்திருக்கிறா. கோபத்தில மேடையில நிண்டு பெயரைச் சொல்லிட்டா?"

*

பேர்ணடெற் அன்ரி கதவைத் திறந்ததுமே முகங்களைப் படித்துவிட்டார். உட்காரக்கூட விடவில்லை.

"கண்டுபிடிச்சிட்டீங்கள்."

"இல்ல அன்ரி. என்னால ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஆரெண்டு தெரியும், சொல்லமாட்டீங்கள். அப்பிடித்தானே?"

டிலக்ஷி தன் செருப்பைப் பார்த்தாள். ரெனால்ட் கூரையில் பல்லி தேடினான்.

அன்ரியின் முகம் மலர்ந்தது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். "அப்ப உங்களை நம்பலாம். பிள்ளை, அந்தப் பாட்டு எனக்கில்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். பெரியம்மா நடுவில வரேக்க அவர் ஒருநாளும் களைச்சதில்ல, கடலை கொறிச்சுக்கொண்டுதான் நடந்தவர்."

ரெனால்டுக்குத் தலை சுற்றியது. "அப்ப ஏன் அன்ரி இவ்வளவு காலமா…"

"ஊர் என்னைக் காட்டிச்சு. நான் இல்லையெண்டு சொன்னா, அப்ப ஆருக்கு எண்டு கேப்பாங்கள். அதால சிரிச்சுக்கொண்டு இருந்திட்டன். எனக்கும் அவரில விருப்பம் இருந்தது, ஏன் பொய் சொல்லுவான்? ஒரு மாசம் தலகாணி நனைய அழுதன். பிறகு யோசிச்சன், கட்டிக்கொள்ளாட்டி என்ன, ஒரு பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம்தானே. ஆனா அந்த ஆள் ஆரெண்டு மட்டும் அவர் எனக்கும் சொல்லேல்ல. திங்கட்கிழமை மயக்க மருந்து குடுக்க முதல் அந்த ஆள் ஒருக்கா வந்து நிக்கோணும் பிள்ளை. எனக்குப் பெயர் வேண்டாம். கூட்டிக்கொண்டு வாங்கோ, அது காணும்."

"ஞாயிற்றுக்கிழமை மேடைக்குக் கூப்பிட்டா?" என்றான் ரெனால்ட்.

"போவன். சாறியும் எடுத்தாச்சு."

*

பகல் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். லோகேஸ்வரன் கடையில் ஈயைத் தவிர வேறு வாடிக்கை இல்லை. வரும் வழியில் டிலக்ஷி கட்டளை போட்டிருந்தாள். கீழே கடைக்குப் போய் ரேடியோவின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பாட வேண்டும். பிறகு, பாட்டு எழுதினவரைத் திட்ட வேண்டும். கடைக்காரர் பேசாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட வேண்டும். தேடி வந்ததாக அவருக்குத் தெரியவே கூடாது.

ஏன் இந்தக் கடை என்று ரெனால்டுக்கு விளங்கவே இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, லோகேஸ்வரன் பின்கட்டிலிருந்து தலையைக் குனிந்து வந்துகொண்டிருந்தார். அந்தக் குனிவைப் பார்த்த இடத்திலேயே ரெனால்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் பார்த்த குனிவு. மனுசன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டியது இவன் குரலுக்குப் பயந்து அல்ல.

டிலக்ஷியின் எதிரே வந்து உட்கார்ந்தும் பாட வாய் வரவில்லை. டிலக்ஷி மேசைக்குக் கீழே காலால் இடித்தாள். பாடினான். லோகேஸ்வரனின் கை ரேடியோவுக்குப் போயிற்று. திருகினார். சத்தம் வரவில்லை. அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவத் தொடங்கினார்.

"எனக்கு இந்தப் பாட்டில ஒரு விசயம்தான் பிடிக்காது மிஸ்," என்றான் ரெனால்ட், உரக்க. "எழுதினவரும் ஒரு ஆம்பிளையா? பாதி வழியில களைச்சுப் போறாராம். வெக்கக்கேடு! சரியான சோத்து மாடு போல."

கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது.

"களச்சது அவன் இல்ல," என்றார் லோகேஸ்வரன்.

கழுவிய கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நான்தான். கான் பக்கம் நின்னேன், பாதி வழியில காலு நடுங்கிருச்சு. அவன் பக்கம் மாறி மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கிட்டான். நாலு பேரு கேட்டா எனக்கு வெக்கமா இருக்கும்னு பாட்டுல மாத்தி எழுதிட்டான். அவனைப் பத்தி அப்புடிப் பேசாதீங்க தம்பி."

பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது. நனைந்த கையோடு அப்படியே நின்றார். அந்த முகத்தைப் பார்க்க ரெனால்டால் முடியவில்லை. எழுந்துபோய் அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் சொன்னது பிழை அண்ணே. மன்னிச்சிடுங்க."

டிலக்ஷி மெதுவாகச் சொன்னாள், ஆஸ்பத்திரியை, திங்கட்கிழமையை, யன்னல் பக்கம் திரும்பிப் படுத்ததை.

"நான் போனா அவனுக்கு ஊர்ப் பேச்சு வரும்மா," என்றார். "அதுக்காகத்தான் அன்னைக்கு ஒதுங்கினேன். இங்கருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரே பஸ்சு. எத்தனையோ தரம் பஸ் நிக்கிற ஹோல்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன்."

"ஊர் கேட்டா பேர்ணடெற் அன்ரி பதில் சொல்லுவா," என்றான் ரெனால்ட். "முப்பத்தைஞ்சு வருச சேர்விஸ் அவவுக்கு. பஸ்ஸும் தேவையில்ல, வாசல்ல என்ட வண்டி நிக்குது. முழங்காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்க."

லோகேஸ்வரன் அடுப்பை அணைத்தார். பட்டப்பகலில் அந்தக் கடை மூடப்பட்டதை வெள்ளவத்தை அன்றுதான் முதல்முதலாகக் கண்டது.

*

களுபோவிலயில் பார்வையாளர் நேரம். லிஃப்டுக்கு முன்னால் சாப்பாட்டுப் பெட்டிகளோடு நீள வரிசை. லோகேஸ்வரன் நிற்கவில்லை, படியில் ஏறினார். பின்னால் ஓடிய ரெனால்டுக்கு இரண்டாம் மாடியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது.

வார்டுக் கடைசியில் யன்னலோரக் கட்டில். வலன்ரைன் வெளியே பார்த்தபடி முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். நெட்டை உடம்பு. கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஸ்டூலில் இருந்த பேர்ணடெற் அன்ரி நிமிர்ந்து பார்த்தார். வந்தவரின் உயரத்தைக் கால் முதல் தலைவரை ஒருமுறை அளந்தார். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து ஸ்டூலைக் கட்டில் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, ரெனால்டின் அருகே வந்து நின்றுகொண்டார்.

லோகேஸ்வரன் உட்காரவில்லை. மூச்சு வாங்க வாங்க அங்கேயே நின்றார். வார்டில் அத்தனை சத்தத்துக்கு நடுவே அந்த மூச்சு தனியாகக் கேட்டது.

யன்னலைப் பார்த்திருந்த தலை மெல்ல அசைந்தது. திரும்பவில்லை.

"இண்டைக்கும் நீதான் களைச்சுப்போய் வந்து நிக்கிறாய், என்ன?" என்றார் வலன்ரைன்.